மூன்றாம் பேஸ் பக்கத்து நான்காம் வரிசை

வெர்னா ஸ்டோலாரிக் அந்தப் பந்தைப் பார்க்கவே இல்லை. சத்தம் மட்டும்தான் கேட்டது. மட்டையின் நடுவில் பந்து பட்டால் வரும் 'டக்' என்ற அந்தச் சத்தம் இருபத்தாறு வருஷமாக அவளுக்குப் பிடித்த சத்தம். அது காதில் விழுந்தபோது அவள் மடியில் இருந்த குறிப்பேட்டில் முந்தைய வீச்சைப் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தாள். நல்ல அடி போல இருக்கிறதே என்று தலையை நிமிர்த்தினாள். அதற்கப்புறம் எதுவும் ஞாபகமில்லை.

கண் விழித்தபோது அவள் காங்கிரீட் படியில் கிடந்தாள். மேலே எம்மெட் ரஸ்கின் முகம் தெரிந்தது. பக்கத்து இருக்கைக்காரர், எழுபத்தோரு வயசு, கடையை மூடிவிட்ட முடிதிருத்துபவர். எப்போதும் யாரையாவது கிண்டல் செய்துகொண்டே இருக்கும் அந்த வாய் அன்றைக்குத் திறந்தபடி நின்றுபோயிருந்தது. அதைப் பார்த்துத்தான் தனக்கு ஏதோ பெரிதாக ஆகிவிட்டது என்று வெர்னாவுக்குப் புரிந்தது.

ஏப்ரல் மாதம், ஞாயிற்றுக்கிழமை மதியம், சொந்த மைதானத்தில் பேஸ்பால் சீசனின் இரண்டாவது ஆட்டம். மில்ஃபோர்க் ஹெரன்ஸ் என்பது அணியின் பெயர். ஹெரன் என்றால் கொக்கு. ஊரில் எல்லாரும் 'நம்ம கொக்குங்க' என்றுதான் சொல்வார்கள். பெரிய லீகுக்கு என்றைக்காவது கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கும் பையன்கள் ஆடுகிற சின்ன லீக் அது. பையன்கள் வருவார்கள், போவார்கள். வெர்னா மாதிரி ஆட்கள் அதே இடத்தில் இருப்பார்கள். அவள் இடம் மைதானத்தின் இடது ஓரம், மூன்றாம் பேஸ் பக்கம், நான்காம் வரிசை, ஏழாம் நம்பர் இருக்கை. அங்கிருந்து மட்டைக்காரனின் சட்டையில் ஒட்டியிருக்கும் மண்ணைக்கூடப் பார்க்கலாம். மட்டைக்காரனுக்கு நேர் பின்னால் மட்டும்தான் வலை உண்டு. பக்கவாட்டில் ஒன்றும் கிடையாது.

பந்தை அடித்தவன் ராய்ஸ் டேக்கட். இருபத்திரண்டு வயசு, கெண்டக்கிக்காரன், அந்த வருஷம்தான் வந்தவன். மெதுவாக வந்த பந்துக்கு அவசரப்பட்டு மட்டையைச் சுழற்றிவிட்டான். கோட்டுக்கு வெளியே, தரைக்கு இணையாக, இருக்கைகளைப் பார்த்து நேராகப் பறந்தது பந்து. வெர்னாவின் இடது கன்ன எலும்பு நொறுங்கியது. கண்குழியின் அடித்தளம் விரிசல் விட்டது.

கண் பிழைத்தது. அறுவை முடிந்த மூன்றாம் நாள் டாக்டர் வந்து, அதே இடத்தில் இன்னொரு அடி விழுந்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அந்த 'இன்னொரு அடி' அன்றைக்கே வெர்னாவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அன்று மாலை ராய்ஸ் வந்தான். தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு, பெட்ரோல் பங்கில் வாங்கிய பூங்கொத்தோடு வாசலிலேயே நின்றான். கூட வந்திருந்த அணி மேலாளர்தான் பேசிக்கொண்டிருந்தார். வெர்னாவுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கட்டுப்போட்ட முகத்தோடு, பாதி வாயால் சொன்னாள்:

"ஸ்லோ பால் தம்பி அது. நீ கொஞ்சம் பொறுத்திருக்கணும்."

அவனைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். அவன் அழுதுவிட்டான்.

வெர்னாவின் வேலையைப் பற்றிச் சொல்லவேண்டும். மாவட்டத்தின் அவசர உதவி எண்ணுக்கு யார் அழைத்தாலும், பகல் நேரத்தில் எடுத்துப் பேசுகிறவள் அவள்தான். வீடு எரிகிறது என்பார்கள், குழந்தை மூச்சு விடவில்லை என்பார்கள், அலறுவார்கள். அவள் குரல் மட்டும் ஏறாது, இறங்காது. மூச்சை இழுத்து விடுங்கள், கதவு திறந்திருக்கிறதா, கையை நெஞ்சின் நடுவில் வையுங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். பத்தொன்பது வருஷம் அப்படி. ஊரில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது, குரல் தெரியும்.

மே மாதக் கடைசியில் வேலைக்குத் திரும்பினாள். முதல் வாரம் நன்றாகத்தான் போனது. இரண்டாவது வாரம் ஒரு பெண் அழைத்தாள். கணவர் சமையலறையில் சரிந்து விழுந்துவிட்டார். நெஞ்சை எப்படி அழுத்துவது என்று வெர்னா சொல்லிக்கொண்டிருந்த நேரம், பின்னால் யாரோ ஒரு கோப்பை மேஜையில் போட்டார்கள். டக்.

அடுத்த நொடி வெர்னா மேஜைக்கு அடியில் இருந்தாள். எப்படிப் போனாள் என்று தெரியாது. முழங்கால் தரையில், இரண்டு கையும் முகத்தின் மேல். காதில் மாட்டியிருந்த கருவி மட்டும் அப்படியே இருந்தது. அதில் அந்தப் பெண், "இருக்கீங்களா? இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"இருக்கேன். நிறுத்தாம அழுத்துங்க. நான் கூடவே எண்ணுறேன்," என்றாள் வெர்னா. மேஜைக்கு அடியிலிருந்தபடியே ஆம்புலன்ஸ் போய்ச் சேரும் வரைக்கும் எண்ணினாள். குரல் நடுங்கவில்லை. உடம்பு பூராவும் நடுங்கியது. அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு வெர்னா தன் உடம்பை நம்புவதை விட்டுவிட்டாள்.

வீட்டிலும் அதே கதைதான். பாத்திர மூடி விழுந்தால், கார் கதவு சாத்தினால், பக்கத்து வீட்டில் ஆணி அடித்தால் கை தானாக முகத்துக்குப் போகும். கணவன் கோர்டன் நகராட்சித் தண்ணீர்த் துறையில் வேலை பார்ப்பவன், பேஸ்பால் பக்கமே தலை வைக்காதவன். வீட்டுக்குள் பூனை மாதிரி நடக்கப் பழகிக்கொண்டான். சீசன் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு என்று இரண்டு முறை சொன்னான். அவள் கொடுக்கவில்லை. ஆட்டங்களை ரேடியோவில் கேட்டாள். மட்டைச் சத்தம் வரும்போதெல்லாம் ஒலியைக் குறைத்து, பிறகு கூட்டுவாள். குறைப்பதற்குள் சத்தம் வந்து முடிந்துவிடும்.

கொக்குகள் அந்த வருஷம் பட்டியலில் முதலிடத்தில் இருந்தார்கள். வெர்னா பார்த்த இருபத்தாறு வருஷத்தில் அப்படி நடந்ததில்லை. வீட்டில் இருக்க அவளால் முடியவில்லை. ஜூன் நடுவில் ஒரு சனிக்கிழமை மைதானத்துக்குப் போனாள். தன் இடத்துக்குப் போகவில்லை. மட்டைக்காரனுக்கு நேர் பின்னால், வலைக்குப் பின்னால், கடைசி வரிசைக்கு ஏறிப்போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். பையன்கள் எறும்பு மாதிரி தெரிந்தார்கள். குறிப்பேட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. எழுதினால் கண்ணைக் கீழே இறக்கவேண்டும்.

அங்கிருந்து அவள் பார்த்தது ஆட்டத்தை அல்ல. தன் பழைய வரிசைகளைத்தான் பார்த்தாள். ஒருத்தி பின்னால் திரும்பிச் சிநேகிதியோடு பேசிக்கொண்டிருந்தாள். ஒருவன் குனிந்து கடுகுச் சாஸை ஹாட்டாக்கில் பிழிந்துகொண்டிருந்தான். நாலைந்து பேர் ஃபோனுக்குள் தலையை விட்டிருந்தார்கள். இத்தனை வருஷம் அதே கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தும் இது அவள் கண்ணில் பட்டதே இல்லை. ஒவ்வொரு வீச்சுக்கும் அவளுக்குப் பயம். தனக்காக மட்டும் இல்லை. யாருடைய முகம், எந்தக் கன்னம், எந்தக் கண் என்று பார்த்துப் பார்த்து, ஆறாவது இன்னிங்ஸுக்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. எழுந்து வந்துவிட்டாள்.

ஆனாலும் அடுத்த ஆட்டத்துக்கும் போனாள். அதற்கடுத்ததற்கும். போகாமல் இருந்தால் இன்னும் மோசமாக இருந்தது. அவள் பார்க்காத நேரத்தில்தான் அது நடக்கும் என்று தோன்றியது.

அப்படிப் போய்ப் போய்த்தான் ராய்ஸின் ஆட்டம் கெட்டுப்போனதைக் கவனித்தாள். இடது பக்கமாக வெளுத்து வாங்குகிற பையன் இப்போது பந்து கடந்து போகும் நேரத்துக்குத்தான் மட்டையை நீட்டினான். எல்லாம் வலது பக்கம் மெத்தென்று போய் விழுந்தது. பந்து வீசுபவன் தயாராகும்போது ராய்ஸின் தலை ஒவ்வொரு முறையும் மூன்றாம் பேஸ் பக்கத்து இருக்கைகளுக்குத் திரும்பிவிட்டு வந்தது. ஜூலையில் கொக்குகள் மூன்றாம் இடத்துக்கு இறங்கினார்கள். கூட்டம் அவனைப் பார்த்து ஊளையிட ஆரம்பித்தது. வீட்டுக்கு அனுப்பிவிடப்போகிறார்கள் என்று ரேடியோவில் பேசினார்கள்.

எம்மெட் ஒருநாள் மூச்சு வாங்கப் படி ஏறி அவளிடம் வந்தார். மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, "இங்கிருந்து என்னம்மா தெரியுது? ஆட்டமா, வானிலையா?" என்றார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்துக்கு வந்தார். பையன் அவளை நினைத்துத்தான் பயப்படுகிறான் என்பது எல்லாருக்கும் தெரியும், அவள் மறுபடியும் ஏழாம் நம்பரில் வந்து சும்மா உட்கார்ந்தாலே போதும், அவன் பார்ப்பான், மனசு லேசாகிவிடும் என்றார். வரிசையில் எல்லாரும் பேசிக்கொண்டதுதான் இது, தன்னைத் தூது அனுப்பியிருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

"என்னால முடியாது எம்மெட்."

"ஒரே ஒரு ஆட்டம். நான் பக்கத்துலதானே இருக்கேன்."

"அன்னைக்கும் நீங்க பக்கத்துலதான் இருந்தீங்க."

சொன்ன பிறகு வெர்னாவுக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை.

அடுத்த வாரம், காலைப் பயிற்சி நேரத்தில், விடுப்பு எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய் ராய்ஸைக் கூப்பிட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவள். தூரத்தில் மற்றவர்கள் அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு 'டக்'குக்கும் அவள் தோள் தூக்கிப்போட்டது. அவன் தோளும்தான். இரண்டு பேரும் அதைக் கவனித்தார்கள்.

தான் மறுபடியும் அந்த இடத்தில் வந்து உட்காரவேண்டும் என்று எல்லாரும் கேட்கிறார்கள் என்று சொன்னாள். அவன் முகம் வெளுத்துப்போனது.

"வேணாம் மேடம். தயவுசெஞ்சு வராதீங்க. நீங்க அங்க இருந்தா நான் மட்டையைத் தூக்கவே மாட்டேன்."

"அப்ப என்னதான் செய்யணும்ங்கறே?"

அவன் தரையைக் காலால் கிளறினான்.

"மேலாளர்கிட்ட வலை போடுங்கன்னு கேட்டேன். முன்வரிசைக்காரங்களுக்குப் பிடிக்காதுன்னுட்டாங்க. மட்டையைத் தூக்கறதுக்கு முன்னாடி அந்தப் பக்கம் பாக்கறேன் மேடம். ஒருத்தர் முகமும் தெரியல. எல்லாம் உச்சந்தலைதான். ஃபோனைப் பாத்துட்டிருக்காங்க. நான் அடிக்கப்போறேன்னு அவங்களுக்குத் தெரியவே தெரியாது. அந்தத் தலைங்களைப் பாத்துட்டு நான் எப்படி அடிப்பேன்?"

வெர்னா அன்றைக்கு வீட்டுக்குப் போய் வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். தான் உச்சி வரிசையிலிருந்து பார்ப்பதைத்தான் அவனும் கீழேயிருந்து பார்க்கிறான்.

ரசிகர் சங்கத்தின் ஜூலைக் கூட்டம் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடந்தது. வலை வேண்டும் என்று சங்கத்தின் பெயரில் மேலாளருக்கு எழுதலாம் என்று வெர்னா எழுந்து சொன்னாள். அறுபது பேர் இருந்திருப்பார்கள். எல்லாரும் அவளோடு சேர்ந்து மழையில் நனைந்தவர்கள், ஆஸ்பத்திரிக்கு அட்டை எழுதிப் போட்டவர்கள். ஒருவர் ஆரம்பித்தார், கூட இன்னொருவர் சேர்ந்தார். ஆடுகிற பையன்களிடம் கையெழுத்து எப்படி வாங்குவது என்றார்கள். கூட்டத்துக்குள் வந்து விழும் பந்து குட்டிப்பிள்ளைகளுக்கு எப்படிக் கிடைக்கும் என்றார்கள். பின்னாலிருந்து ஒருவன், "ஒருத்தி குனிஞ்சு எழுதிட்டிருந்தாள்னு எங்களையெல்லாம் கோழிக்கூண்டுல அடைக்கறதா?" என்றான். சிலர் சிரித்தார்கள். எம்மெட் சிரிக்கவில்லை. ஆனால் அவளுக்காக எழுந்திருக்கவும் இல்லை. கை தூக்கச் சொன்னபோது நாலு கைகள்தான் மேலே போயின.

இரண்டு நாள் கழித்து, மைதானத்து வாகன நிறுத்தத்தில் அவள் கார்க் கண்ணாடியில் ஒரு சீட்டு செருகியிருந்தது. 'பந்தைப் பார். முடியாவிட்டால் வீட்டில் இரு. எங்கள் சீசனைக் கெடுக்காதே.' பெரிய எழுத்தில், பேனாவை அழுத்தி எழுதியிருந்தது. கீழே பெயரில்லை.

வெர்னா காருக்குள் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டாள். ஆட்டம் முடிந்து கூட்டம் அவள் காரைச் சுற்றி நடந்து போய்க்கொண்டிருந்தது. தெரிந்த முகங்கள். சிலர் கையசைத்தார்கள். இதில் யாரோ ஒருவர்தான். இவரா, இவளா, அந்தப் பச்சைத் தொப்பிக்காரனா? பந்துக்குப் பயப்படுவது ஒரு விதம். இது வேறு விதம். கூட்டம் கலைந்து நிறுத்தம் காலியாகும் வரைக்கும் அவள் கண்ணாடியை இறக்கவில்லை.

சீட்டைக் கோர்டனிடம் காட்டினாள். அவன் இரண்டு முறை படித்தான். இனிமேல் போகக்கூடாது என்று அவன் சொல்லிவிட்டால் நன்றாக இருக்குமே என்று அவளுக்கு ஒரு பக்கம் ஆசையாக இருந்தது. அவன் சொல்லவில்லை.

"போலீஸ்ல சொல்லலாமா?" என்று மட்டும் கேட்டான்.

"நான்தான் அந்த ஃபோனை எடுக்கணும்," என்றாள் வெர்னா. இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அப்புறம் அவள் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

ஆகஸ்ட் மாதம் முதல் சனிக்கிழமை அவள் நான்காம் வரிசைக்குத் திரும்பினாள். ஏன் போனாள் என்று யாராவது கேட்டால் அவளால் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. மேலேயிருந்து பார்த்துக்கொண்டே இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். படியில் இறங்கும்போது கால் இரண்டு முறை நின்றுவிட்டது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அழைப்பில் மற்றவர்களுக்குச் சொல்வதைத் தனக்கே சொல்லிக்கொண்டாள். மூச்சை இழு. விடு. அடுத்த படி.

ராய்ஸ் மட்டையோடு வந்தான். நான்காம் வரிசையில் அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றான். வெர்னா எழுந்தாள். ஆனால் அவன் பக்கம் பார்க்கவில்லை. மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். அந்த ஒரு காரியம்தான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. ஆட்களைப் பார்த்து, தன் ஃபோன் குரலில், சத்தம் போடாமல், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"டேக்கட் மட்டை பிடிக்கப்போறான். பந்து இந்தப் பக்கம் வரலாம். கையில இருக்கறதைக் கீழ வைங்க. தலையை நிமிர்த்திப் பந்தைப் பாருங்க. ரெண்டு நிமிஷம்தான்."

சிரித்தார்கள். "டீச்சர் வந்துட்டாங்க," என்றான் ஒருவன். ஒரு பெண் கோபப்பட்டாள். வெர்னா உட்கார்ந்து இரண்டு கையாலும் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டாள். ராய்ஸ் மூன்று வீச்சையும் தவறவிட்டு அவுட் ஆனான்.

அவன் மறுபடி வந்தபோதும் அதையே சொன்னாள். மறுநாளும் சொன்னாள். காவலாளி ஒருவன் வந்து, புகார் வந்திருக்கிறது, உட்காருங்கள் என்றான். சொல்லி முடித்துவிட்டு உட்கார்ந்தாள். மூன்றாவது ஆட்டத்தில், அவள் எழுந்ததுமே எம்மெட் தன் ஆறடி உடம்போடு கூடவே எழுந்து, "கேட்டீங்கல்ல? அவங்க சொல்லிட்டாங்க. அந்த நாச்சோஸ் தட்டு எங்கயும் ஓடிப்போகாது, கீழ வைய்யா," என்று பின்னால் இருந்தவனை அதட்டினார். கீழ்த்தளக் கூட்டத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை.

மெல்ல மெல்லத் தலைகள் நிமிர்ந்தன. சிலர் கேலியாக இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவார்கள். தூக்கினால் சரி. ராய்ஸ் ஒருமுறை அந்தப் பக்கம் திரும்பினான், ரொம்ப நேரம் பார்த்தான். அன்றைக்கு ஒரு பந்தை இடது பக்கமாக அடித்தான். ரெண்டரை மாசத்தில் முதல் முறை. நேர்க்கோட்டில் போய்ச் சுவரில் மோதியது. எல்லாரும் துள்ளிக் குதித்தார்கள். வெர்னாவால் எழுந்திருக்க முடியவில்லை. அவளுக்கு அந்தப் பந்து எங்கே போனது என்பதே எம்மெட் சொல்லித்தான் தெரிந்தது. சத்தம் கேட்டதுமே கண்ணை மூடிவிட்டிருந்தாள். எல்லாரையும் பார்க்கச் சொல்லிவிட்டுத் தான் பார்க்கவில்லை என்பது யாருக்கும் தெரியாது.

கொக்குகள் இரண்டாம் இடத்துக்கு ஏறினார்கள். செப்டம்பர் முதல் திங்கட்கிழமை, விடுமுறை நாள், சீசனின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் முதலிடம். மைதானம் நிரம்பி வழிந்தது. பாதிப் பேர் இந்த வருஷம் முதல் முறையாக வந்தவர்கள். வெர்னா சொல்வது அவர்களுக்குப் பழக்கமில்லை. மூன்றாம் வரிசையில், அவளுக்கு நேர் முன்னால், ஒரு இளம் தாய் ஏழெட்டு மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் குழந்தையின் பின்னந்தலையைப் பார்த்த நேரத்திலிருந்து வெர்னாவுக்கு வேறு எதுவும் மண்டையில் ஏறவில்லை. ஸ்கோர் என்ன, எத்தனை பேர் அவுட் என்று எம்மெட்டிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். மேலே வலைக்குப் பின்னால் இடம் இருந்தால் போய் உட்காருகிறாயா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள். அவள், பரவாயில்லை, இங்கேதான் நன்றாகத் தெரிகிறது என்று சிரித்தாள்.

ஒன்பதாவது இன்னிங்ஸ், கடைசி. கொக்குகள் ஒரு ரன் பின்னால். இரண்டு பேர் அவுட், மூன்றாமவன் அவுட் ஆனால் ஆட்டம் முடிந்தது. ஒருவன் இரண்டாம் பேஸில். ராய்ஸ் வந்தான்.

கூட்டம் போட்ட கூச்சலில் வெர்னாவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. சொன்னாள். திரும்பவும் சொன்னாள். எம்மெட் கத்தினார். எல்லாரும் எழுந்து நின்றார்கள், அதனால் தலைகள் நிமிர்ந்துதான் இருந்தன. அந்தத் தாய் மட்டும் குழந்தையின் வாயிலிருந்து விழுந்த ரப்பர் காம்பைத் தேடி, உட்கார்ந்தபடியே தரையைத் துழாவிக்கொண்டிருந்தாள். குழந்தை அவள் தோளில் நிமிர்ந்து வெர்னாவைப் பார்த்தது.

பந்து வீசுபவன் கையை ஓங்கினான். வெர்னாவுக்குக் கண் மூடப்போனது. மூடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு திறந்தே வைத்திருந்தாள். டக். அடிபட்ட பிறகு அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பந்தைப் பார்த்தாள். வெள்ளையாக, சிறியதாக, அசையாமல் நிற்பது போலத் தெரிந்தது. அசையாமல் நிற்பது போலத் தெரிந்தால் உன்னை நோக்கித்தான் வருகிறது என்று அர்த்தம்.

"இடது பக்கம் சாய்."

கத்தவில்லை. மேஜைக்கு அடியிலிருந்து பேசிய அதே குரல். யார், எதற்கு என்று கேட்காமல் அந்தப் பெண் குழந்தையோடு சாய்ந்தாள். பந்து அவள் இருக்கையின் முதுகில் மோதி, பிளாஸ்டிக்கைக் குறுக்காகப் பிளந்து, எம்மெட்டின் உயர்த்திய கையில் பட்டுக் கீழே விழுந்து உருண்டது.

ராய்ஸ் மட்டையைக் கீழே போட்டுவிட்டு அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். வெர்னா முன்னால் குனிந்து குழந்தையைப் பார்த்தாள். தாயைப் பார்த்தாள். எம்மெட் கையைக் கால்களுக்கு நடுவில் வைத்து அழுத்திக்கொண்டு முனகினார். ரத்தமில்லை. வெர்னா இருக்கையின் மேலேயே ஏறி நின்றாள், ராய்ஸுக்குத் தெரியவேண்டுமே என்று. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி அசைத்தாள். எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள். நீ ஆடு.

அவன் தொப்பியைத் தொட்டான். மட்டையை எடுத்தான்.

அடுத்த பந்தை இடது பக்கம் உயரமாக அடித்தான். சுவரைத் தாண்டிப் போய்விட்டது என்றே எல்லாரும் நினைத்தார்கள். எதிரணிக்காரன் சுவரில் முதுகு உரச எம்பிப் பிடித்துவிட்டான். சீசன் முடிந்தது. கொக்குகள் இரண்டாம் இடம்.

கூட்டம் கலைந்தது. வெர்னா தன் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் போகும்போது ஏதோ சொல்ல வந்தாள், வார்த்தை வராமல் வெர்னாவின் தோளைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். யாரோ ஒருவன் கடந்து போகையில் நின்று, தரையைப் பார்த்தபடி, "அந்தச் சீட்டு... நான்தான்," என்றான். பச்சைத் தொப்பிக்காரன் இல்லை. இரண்டு வரிசை பின்னால் பதினைந்து வருஷமாக உட்காருகிறவன், ஒவ்வொரு வருஷமும் கிறிஸ்துமஸ் அட்டை அனுப்புகிறவன். வெர்னா தலையை மட்டும் ஆட்டினாள். மன்னிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை.

எம்மெட் கூடவே இருந்தார். இரண்டு விரல் வீங்கி நீலம் பாரித்திருந்தது.

"கத்தரிக்கோல் பிடிக்கிற கை," என்றார்.

"கடையை மூடி ஆறு வருஷம் ஆச்சு."

"அதனாலதான் இந்தக் கையைக் கொடுத்தேன்."

துப்புரவு ஆட்கள் துடைப்பத்தோடு வரும் வரைக்கும் இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் மேலாளர் தனியாக வந்து, பிளந்த இருக்கையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார் என்று காவலாளி பிறகு சொன்னான். அடுத்த ஏப்ரலில் இரண்டு பக்கமும் மூன்றாம் பேஸ், முதல் பேஸ் தாண்டி வலை கட்டியிருந்தார்கள். முதல் வாரம் எல்லாரும் முணுமுணுத்தார்கள். அப்புறம் வலை இருப்பதே மறந்துபோனது. ராய்ஸை மேல் லீகுக்கு வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கேயும் வலை இருக்கிறதாம். ஒரு அட்டையில் அதை மட்டும்தான் எழுதியிருந்தான்.

வெர்னாவின் பயம் போகவில்லை. போய்விடும் என்று டாக்டர் சொன்னார், அவரே அதைப் பாதி நம்பிக்கையோடுதான் சொன்னார். முதல் ஆட்டத்துக்குக் கோர்டனும் வந்தான், கல்யாணமான முப்பது வருஷத்தில் முதல் முறையாக. என்ன நடக்கிறது என்று அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. நாலாவது இன்னிங்ஸில் ஒரு பந்து நேராக வந்து வலையில் மோதி, பொதக்கென்று நின்று, கீழே விழுந்தது. சுற்றி இருந்தவர்கள் அசையவில்லை. வெர்னா முன் இருக்கைக்கு அடியில் இருந்தாள், முகத்தின் மேல் கை வைத்தபடி. கண்ணைத் திறந்து பார்த்தால், வழுக்கைத் தலையில் தொப்பி கோணிக்கொள்ள, கோர்டனும் பக்கத்தில் குந்தியிருந்தான்.

"முடிஞ்சுதா?" என்று கேட்டான்.

"முடிஞ்சுது. எந்திரிங்க," என்றாள்.

"நீ எந்திரிக்கும்போது நானும் எந்திரிக்கறேன். அவசரமில்ல."

இன்னும் இரண்டு வீச்சு முடியும் வரைக்கும் அவர்கள் அங்கேயே இருந்தார்கள்.